நம்ம வீட்டு வியாதி செல்போன் கடைக்கு எதுக்குத் தெரியணும்?

போன ஆடி மாதம் எங்கள் வீட்டில் நடந்த கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் விஷயத்துக்கு வருவோம்.

என் மாமியாருக்கு வயது எழுபத்தொன்று. சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. ஆனால் பத்தியத்தில் ரொம்பக் கெட்டி! தீபாவளிக்குக்கூட ஒரு துண்டு மைசூர்பாகை எடுத்து, பாதியைப் பிட்டுப் பேத்தி வாயில் ஊட்டிவிட்டு, மீதியைத்தான் தான் போட்டுக்கொள்வார். அப்படிப்பட்டவர் ஒருநாள் சாயந்திரம், "ஏங் கண்ணு, பாவக்காய்ப் பொடி இந்த போன்ல கெடைக்குமா?" என்று என் மகளிடம் கேட்டார்.

அவள் ஆன்லைன் கடையைத் திறந்து, தேடும் இடத்தில் 'பாகற்' என்று தட்டினாள். முழுசாகத் தட்டி முடிக்கவில்லை. அதற்குள் கீழே ஒரு வரிசை வந்து நின்றது. பாகற்காய்ப் பொடி, பாகற்காய்ப் பொடி சர்க்கரைக்கு, சர்க்கரை குறையப் பொடி, மாத்திரை இல்லாமல் சர்க்கரை குறைய...

"பாரு அம்மிணி! நான் மனசுல நெனச்சது அதுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று அத்தைக்கு ஒரே ஆச்சரியம்.

எனக்கும் அப்போது சிரிப்புத்தான் வந்தது. இரண்டு டப்பா வந்தது. அதற்கப்புறம் அந்தக் கடையை எப்போது திறந்தாலும் நாவல்கொட்டைப் பொடி, வெந்தயப் பொடி, 'இனிப்புக்கு விடை கொடுங்கள்' என்று வண்ணப் படங்கள். நான் துவைக்கும் சோப்பு தேடப் போனாலும் ஓரத்தில் அதுவே நின்றது. அத்தை தினமும் மத்தியானம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் பார்க்க ஆரம்பித்தார். ஒருநாள் யாரிடமும் சொல்லாமல், ராத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டார். "பொடிதான் சாப்படறேனே, ரெண்டும் எதுக்கு?" என்று நினைத்திருக்கிறார்.

அடுத்த டெஸ்ட்டில் சாப்பாட்டுக்குப் பின் 312!

டாக்டர் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார்: "மாத்திரையை நிறுத்தச் சொல்லி யாருங்க உங்களுக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க சாமி. போன்லதான் வந்துதுங்க."

வீட்டுக்கு வந்ததும் நான் யோசித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா இதே பொடியைச் சிபாரிசு செய்திருந்தால் அத்தை கேட்டிருப்பாரா? மாட்டார். "அவ பெரிய டாக்டரு!" என்று ஒரே வார்த்தையில் தள்ளியிருப்பார். டி.வி.யில் விளம்பரம் வந்திருந்தால்? சேனலை மாற்றியிருப்பார். ஆனால் இது 'எனக்கென்றே' வந்தது போல இருந்தது. கேட்காமலே புரிந்துகொண்டது போல இருந்தது. அதனால்தான் நம்பினார். வாசகர்களே, நான் இந்தப் பக்கத்தில் பேச வந்தது அந்த நம்பிக்கையைப் பற்றித்தான்.

சரி, அதற்கு எப்படித் தெரிகிறது? மந்திரம் எதுவும் இல்லை. நம் ரங்கே கவுடர் வீதி மளிகைக் கடையில் மார்கழிக் கடைசியில் போய் நின்று பாருங்கள். பச்சரிசி கேட்டவரிடம், "வெல்லம், முந்திரி, ஏலக்காய்?" என்று கடைப் பையனே கேட்டுவிடுவான். அவனுக்கு உங்கள் பெயர்கூடத் தெரியாது. பச்சரிசி வாங்கினவர்கள் வெல்லமும் வாங்குகிறார்கள் என்பது மட்டும் தெரியும். அமேசான் நிறுவனம் 1998ல் கம்ப்யூட்டரில் செய்ய ஆரம்பித்ததும் கிட்டத்தட்ட இதைத்தான். ஆளோடு ஆளை ஒப்பிடாமல், சாமானோடு சாமானை ஒப்பிட்டது. 'இதை வாங்கியவர்கள் அதையும் வாங்கினார்கள்' என்று கீழே வருகிறதே, அதுதான். அந்தக் கம்பெனியின் லிண்டன், ஸ்மித், யார்க் என்ற மூன்று பேர் 2003ல் இதை விளக்கி ஒரு கட்டுரையே எழுதினார்கள். நாம் தட்டத் தட்ட வார்த்தையை முடித்துக் கொடுக்கும் வேலையை கூகுள் 2004 டிசம்பரில் சோதனையாக ஆரம்பித்தது.

இந்த இரண்டும் சேர்ந்ததுதான் இன்றைய தேடும் கட்டம். ஊரெல்லாம் என்ன தட்டுகிறது என்று பார்க்கும். அதோடு நீங்கள் முன்னால் எதைத் தேடினீர்கள், எதைத் தொட்டீர்கள், எதை வாங்கினீர்கள், எந்த பின்கோடு என்பதையும் கோத்துக்கொள்ளும். காசு கொடுத்த கம்பெனியின் சரக்கையும் நடுவில் சொருகிவிடும். 2020ல் ஃபிளிப்கார்ட்டும் அமேசானும் தமிழில் வந்த பிறகு, இங்கிலீஷ் தெரியாத நம் அத்தைமார்களும் இதற்குள் வந்துவிட்டார்கள்.

அதில் நல்லதே இல்லையா? இருக்கிறது, மறைக்கக்கூடாது. அந்தியூரிலோ தாளவாடியிலோ படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவருக்கு, பெரியவர்களுக்கான டயபர் சரியான அளவில் வேண்டுமானால் எங்கே போவது? ஸ்பெல்லிங் தப்பாகத் தட்டினாலும் 'இதுதானே?' என்று அது எடுத்துக் கொடுக்கிறது. முட்டிக்கு பெல்ட், காதுக்கு மெஷினுக்கான பேட்டரி என்று கடைவீதியில் அலைய முடியாதவர்களுக்கு அது பெரிய உபகாரம். புடவையும் குக்கர் கேஸ்கட்டும் என் மனசுக்குப் பிடித்த மாதிரி அது எடுத்துக் காட்டட்டுமே, யார் வேண்டாம் என்றது?

ஆனால் உடம்பு விஷயம் வேற.

பாகற்காய்ப் பொடி வாங்கியவர்கள் அடுத்ததாக நாவல்கொட்டைப் பொடி வாங்கினார்கள் என்று அதற்குத் தெரியும். வாங்கின அத்தனை பேருக்கும் சர்க்கரை இறங்கியதா, ஏறியதா? அது தெரியாது. எத்தனை டப்பா போயிற்று என்பதுதான் அதன் கணக்கு. முதல் டப்பாவில் குணம் தெரியாமல் இன்னொன்றைத் தேடினால், அதையும் 'இவருக்கு இதில் ஆர்வம் அதிகம்' என்றுதான் அது எழுதிக்கொள்ளும்! வியாதி தீராதவர்தான் அதற்கு நல்ல வாடிக்கையாளர். பாகற்காய் நல்ல காய்தான், நானே வாரம் ஒருமுறை வெல்லமில்லாமல் பொரியல் செய்கிறேன். ஆனால் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் கூடவே பொடியையும் அள்ளிப் போட்டுக்கொண்டால், சிலருக்குச் சர்க்கரை ஒரேயடியாக இறங்கித் தலை சுற்றி விழவும் வாய்ப்புண்டு என்று எங்கள் டாக்டர் சொன்னார். எந்தத் தேடும் கட்டமாவது, 'நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?' என்று உங்களைக் கேட்டிருக்கிறதா?

நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல் என்று 2023ல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் வாசலில் நிற்கிறார்கள். ஒரு வியாபாரியின் கண்ணுக்கு இது எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் தெரு முனையில் ஒரு மெடிக்கல் ஷாப் இருந்தது. கடைக்காரர் அண்ணாவுக்கு எங்கள் தெருவில் யாருக்கு பிரஷர், யாருக்கு ஃபிட்ஸ், யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று எல்லாமே தெரியும். நான் கல்யாணமாகி வந்த புதிதில், நாப்கின் கேட்டால் பழைய பேப்பரில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டே கொடுப்பார். (அதை அப்படி ஒளிக்க வேண்டியதில்லை என்று இன்று நாம் பேசுகிறோம், அது வேறு கதை.) மாமனார் ஒருமுறை இருமல் மருந்து கேட்டபோது, "ரெண்டு வாரமா இருமறீங்க. இதக் குடிக்காதீங்க, சளி டெஸ்ட் எடுங்க" என்று திருப்பி அனுப்பினார். அன்று அவருக்கு அந்த வியாபாரம் நஷ்டம்! அவரும் சீட்டு இல்லாமல் மாத்திரை கொடுத்ததுண்டு, தெய்வம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்தது அவரோடு நின்றது. தப்பு நடந்தால் நேரில் போய்ச் சட்டையைப் பிடிக்க ஒரு ஆளும் இருந்தார்.

போன் அப்படியல்ல. அது பேப்பரில் சுற்றித் தராது, பிரித்துக் கடை பரப்பும்.

அமெரிக்காவில் டார்கெட் என்று ஒரு பெரிய கடை வரிசை. 2012ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. வாசனையில்லாத லோஷன், கால்சியம், துத்தநாக மாத்திரை என்று சுமார் 25 சாமான்களை யார் எப்போது வாங்குகிறார்கள் என்று பார்த்தே, அந்தப் பெண் கர்ப்பமா, எத்தனையாவது மாதம் என்று அந்தக் கடையின் கணக்கர் கணித்துவிடுவாராம். மினியாபொலிஸ் பக்கத்தில் ஒரு அப்பா, பள்ளியில் படிக்கும் தன் மகளுக்குக் குழந்தைச் சாமான் கூப்பன் அனுப்பினார்கள் என்று கடையில் போய்ச் சத்தம் போட்டாராம். சில நாள் கழித்து மானேஜர் மன்னிப்புக் கேட்கப் போன் செய்தால், அப்பா தணிந்த குரலில், "வீட்டில் எனக்குத் தெரியாமல் சில விஷயம் நடந்திருக்கிறது" என்றாராம். இந்தச் சம்பவம் அப்படியே நடந்ததா என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் அதே கட்டுரையில் வரும் அடுத்த தகவல்தான் என்னைத் தூக்கிப்போட்டது. வாடிக்கையாளர்கள் பயப்படுகிறார்கள் என்று தெரிந்ததும் கடை கணிப்பதை நிறுத்தவில்லை. டயபர் படத்துக்குப் பக்கத்தில் புல்வெட்டும் மெஷின் படத்தையும் போட்டு, தற்செயலாக வந்தது போலக் காட்டியது!

அமெரிக்கா எதற்கு, நம் பொள்ளாச்சிக்கே வாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களில் ஒரு அம்மா, ரவிக்கை டிசைன் ஒன்றைக் காட்டுகிறேன் என்று பெண்ணின் போனை வாங்கி, கடையைத் திறந்து, தேடும் இடத்தைத் தொட்டிருக்கிறார். ஒன்றும் தட்டவில்லை, தொட்டதோடு சரி. முன்னால் தேடியதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. 'பி.சி.ஓ.டி.க்கு டீ', 'மாதவிலக்கு ஒழுங்காக', 'முகத்தில் முடி நீங்க'...

இரண்டு நாள் கழித்துத் தரகரிடமிருந்து போன். "பொண்ணுக்குக் கர்ப்பப்பையில ஏதோ கோளாறாமா?"

பி.சி.ஓ.டி. இன்று எத்தனையோ பெண்களுக்கு இருக்கிறது. எடையைக் குறைத்து, நடந்து, தேவைப்பட்டால் மாத்திரை சாப்பிட்டு, குழந்தை குட்டியோடு நன்றாகத்தான் இருக்கிறார்கள். அதையே காரணமாக வைத்துத் தட்டிக்கழித்தவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. அது கிடக்கட்டும். அந்தப் பெண் அதை யாரிடம் எப்போது சொல்ல வேண்டும் என்பது அவள் உரிமை இல்லையா? அவளுக்கு முந்திக்கொண்டு ஒரு கட்டம் சொல்லிவிட்டது. நம் வீடுகளில் போன் என்பது ஒருவருடையதா என்ன? அப்பா பார்ப்பார், தம்பி கேம் ஆடுவான், விருந்துக்கு வந்தவர் வாட்ஸ்அப் பார்ப்பார். ஒரு போனுக்கு ஒரு ஆள் என்று எண்ணிச் செய்த ஏற்பாடு, நம் கூட்டுக் குடும்பத்தில் வந்து விழுந்திருக்கிறது.

இன்னொரு ஆபத்து, தேடுவது ஒன்று, வருவது ஒன்று. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று பதறிப்போய் 'ஓ.ஆர்.எஸ்.' என்று தேடுகிறோம். வந்து நின்றவற்றில் பல, பழச் சுவையில் டப்பாவில் அடைத்த இனிப்புத் தண்ணீர். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஓ.ஆர்.எஸ். பவுடரை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால் அதில் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம். அந்தப் பானங்களில் சர்க்கரை இதைப் போலப் பல மடங்கு. அதைக் கொடுத்தால் போக்கு இன்னும் அதிகமாகும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருஷக்கணக்கில் போராடினார். கடைசியில் 2025 அக்டோபரில், அந்த அளவுப்படி இல்லாத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. 'ஹெல்த் டிரிங்க்' சமாசாரமும் அப்படித்தான். உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது என்று சொல்லி, 2024 ஏப்ரலில் ஆன்லைன் கடைகளை அந்தத் தலைப்பிலிருந்து போர்ன்விட்டா போன்றவற்றை எடுக்கச் சொன்னார்கள். அதுவரை நம் பிள்ளைகளின் 'ஆரோக்கியத்தை'த் தேடிய அம்மாக்களுக்கு அந்தக் கடைகள் காட்டியது எதை என்று நினைக்கிறீர்கள்?

எடை குறைப்புப் பவுடர் தேடுகிற பெண்களுக்கும் ஒரு வார்த்தை. சிபுட்ரமின் என்று ஒரு மருந்து. இதயத்தைப் பாதிக்கிறது என்று 2010ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலகியது, 2011ல் இந்தியாவில் தடை. 'முழுக்க மூலிகை' என்று லேபிள் ஒட்டிய எடை குறைப்புச் சரக்குகளில் அது ஒளிந்திருப்பதை அமெரிக்க மருந்துத் துறை அதற்குப் பிறகும் பல தடவை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வது 1954ஆம் வருஷத்துச் சட்டப்படியே குற்றம். விளம்பரத்தைச் சாதாரணத் தகவல் போல வேஷம் கட்டிக் காட்டக்கூடாது என்று 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பட்டியலிட்ட 13 தில்லுமுல்லுகளில் ஒன்று இருக்கிறது. அதே 2023ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் நடவடிக்கையைப் பின்தொடர்ந்து அவர்களுக்கென்று விளம்பரம் காட்டக்கூடாது என்கிறது. நல்லதுதான். ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் வேறு. எனக்கு இதில் ஒரு பெரிய குறை. 2011 விதிகளில், ஒருவரின் உடல்நிலை, மனநிலை பற்றிய தகவலெல்லாம் 'விசேஷ ஜாக்கிரதை வேண்டியது' என்று தனியாக வைத்திருந்தார்கள். புதுச் சட்டத்தில் அந்தத் தனி இடம் இல்லை. நான் வாங்கிய செருப்பின் சைசும், என் மாமியாரின் சர்க்கரையும் ஒரே தராசில்!

என் கேள்வி எளிமையானது. வியாதிப் பெயர், மருந்துப் பெயர், மாதவிலக்கு, கர்ப்பம், மனசு சம்பந்தப்பட்ட வார்த்தைகளை ஒருவர் தேடினால், அதை அவர் கணக்கில் ஏற்றாமலே இருக்கக் கடைக்காரர்களால் முடியாதா? கேட்டதைக் காட்டு, அப்புறம் மறந்துவிடு. வேண்டும் என்கிறவர்கள் தாங்களே பொத்தானை அமுக்கி 'ஞாபகம் வைத்துக்கொள்' என்று சொல்லட்டும். இப்போது தலைகீழாக அல்லவா இருக்கிறது? ஞாபகம் வைப்பது தானாக நடக்கிறது, மறக்கடிக்க நாம்தான் ஏழு இடத்தில் அமுக்க வேண்டியிருக்கிறது.

அது நடக்கும்வரை எங்கள் வீட்டில் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். மாதம் ஒருமுறை, அமாவாசையன்று (மறக்காமல் இருக்கத்தான், வேறொன்றுமில்லை!) என் மகள் எல்லோர் போனிலும் பழைய தேடல்களை அழித்துவிடுகிறாள். கடைக் கணக்கில் 'பார்த்தவை' என்று ஒரு பகுதி இருக்கும், அதையும் அழிக்கிறாள், முடிந்த இடத்தில் நிறுத்தியும் வைத்திருக்கிறாள். பெரிய பிள்ளைக்குத் தனிக் கணக்கு. படத்தின் ஓரத்தில் வெளுத்த எழுத்தில் 'ஸ்பான்சர்டு' என்று இருந்தால் அது காசு கொடுத்து முன்னால் வந்தது என்று அத்தைக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறோம். சாப்பிடும் பொருளானால் 14 இலக்க உணவு லைசென்ஸ் எண் இருக்கிறதா என்று பார்க்கிறோம். அது இருந்துவிட்டால் வியாதி தீரும் என்று அர்த்தமில்லை, யார் செய்தது என்று தெரியும், அவ்வளவுதான். வாய் வழியாக உள்ளே போகிற எதையும் போன் காட்டிற்று என்று வாங்குவதில்லை. பேரை ஒரு சீட்டில் எழுதி, டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான்.

அந்த இரண்டாவது டப்பா இன்னும் சமையலறை மேல்தட்டில் பிரிக்காமல் இருக்கிறது. அத்தைக்குத் தூக்கிப்போட மனசில்லை. "காசு போட்டு வாங்கினது கண்ணு" என்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை என்னோடு ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைக்கு வந்து, பிஞ்சுப் பாகற்காயாகப் பார்த்துப் பொறுக்கி அரைக்கிலோ வாங்கினார். ராத்திரி மாத்திரையை இப்போது என் கண் முன்னால்தான் போட்டுக்கொள்கிறார். மூன்று மாதச் சராசரி பார்க்கும் டெஸ்ட் தை மாதம். காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி அவரே பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.